அம்பு முனையை எடுத்தவள்

கண்ணு,

செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "லாயர் என் ஸ்டேட்மென்ட் கேக்கறார். நான் என்ன எழுதட்டும், அம்மா?" என்றாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. போன் திரை இருண்டு போகும்வரை சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் சொன்னதையேதான் அம்மா இப்போதும் சொல்லுவாள், அதைத் தன் வாயால் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பாய். நீ அப்படி நினைப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு.

வேளச்சேரியில் மாமா வீட்டில் ஆறு வாரமாக ஒரு முத்திரைக்காக உட்கார்ந்திருக்கிறாய். இரண்டு வயதில் இந்த அமெரிக்காவுக்கு வந்தவன் நீ. உன் அப்பாவின் வேலையை நம்பி நாம் மூன்று பேரும் கிரீன் கார்டு வரிசையில் நின்றோம். வரிசை நகரவில்லை, நீ வளர்ந்துவிட்டாய். உனக்கு இருபத்தொன்று ஆன அன்று, இனி நீ பிள்ளைக் கணக்கில் வரமாட்டாய் என்று எங்கள் விண்ணப்பத்திலிருந்து உன் பெயர் விழுந்தது. படிப்பைத் தொடர மாணவர் விசா வேண்டும், அதன் முத்திரைக்குச் சென்னை போக வேண்டும் என்றார்கள். போனாய். உன் மேல் எப்போதாவது வழக்கு இருந்ததா என்ற கேள்விக்கு உண்மையாக 'ஆம்' என்று குறித்தாய். தூதரகத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, என்ன நடந்தது என்று எழுதிக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே உன் கல்லூரி திறந்து மூன்று வாரம் ஆகிறது. உன்னுடன் தங்கியிருந்த பையன் வந்து உன் குளிர்காலக் கோட்டையும் புத்தகங்களையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டானாம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

என்ன நடந்தது என்பதை நான் எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரியும். மீதியை நீ ஒருவேளை யூகித்திருப்பாய், கேட்டதில்லை.

உனக்காகத்தான் நான், இங்கத்திப் பழங்குடியினர் என்றோ செதுக்கிய கல் அம்பு முனைகளைத் தேட வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பையனுக்கு ஆசை, ஏழாம் வகுப்பில் டெக்சஸ் வரலாறு படித்ததிலிருந்து பிடித்துக்கொண்டான், தனியாக விட முடியுமா என்பேன். உண்மை அதுவல்ல. சேலத்தில் எம்.எஸ்ஸி. நிலவியல் முடித்துவிட்டு, நிலத்தடி நீர் ஆய்வில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். டெக்சஸில் இந்தப் பிளானோவுக்கு வந்த பிறகு ஒன்பது வருடம் எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. அனுமதி கிடைத்தபோது, இத்தனை வருடம் சும்மா இருந்தவளை எடுக்க யாரும் தயாராக இல்லை. டேகேரில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கும் வேலைக்குப் போனேன். அந்தச் சமயத்தில்தான் நீ பள்ளியிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து, இது மாதிரி கல் நம் ஊர்ப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். அன்றைக்கு இரவுச் சமையலை மறந்துவிட்டு நிலவரைபடத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது. நீ கேட்டிருக்காவிட்டால் நானே ஒரு சாக்கைக் கண்டுபிடித்திருப்பேன்.

நமக்கு வாய்த்தது கருப்புக் களிமண். வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் சிக்கிமுக்கிக் கல் வராது. அதனால் ஓடையோரத்தில் சிக்கிமுக்கிச் சில்லு ஒன்று கிடந்தால், தண்ணீர் இழுத்து வந்திருக்க வேண்டும், அல்லது யாரோ சுமந்து வந்திருக்க வேண்டும் என்று உனக்குச் சொன்னேன். உருண்டு மழுங்கியிருந்தால் தண்ணீர். விளிம்பு கூராக இருந்தால் மனிதன். நீ முனையைத் தேடினாய், நான் உன்னைச் சில்லைத் தேட வைத்தேன். ஒரு முனை செய்தவன் நூறு சில்லை உதிர்த்திருப்பான். சில்லு இல்லாத இடத்தில் நாள் முழுக்க நடந்தாலும் வெறுங்கைதான். நெருப்பில் வெடித்த கற்கள் சேர்ந்து கிடந்தால் அங்கே சமைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றி மெதுவாக நட. இரண்டு ஓடைகள் சேரும் இடம், வெள்ளம் தொடாத உயரத்தில் ஒரு சமதளம், பக்கத்தில் வற்றாத ஊற்று. இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால் அங்கே கட்டாயம் யாரோ இருந்திருப்பார்கள். நீ குடியிருக்க எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பாயோ அதையேதான் அவர்களும் எடுத்திருப்பார்கள்.

மழைக்கு மறுநாள் போக வேண்டும், மழையன்று போகக் கூடாது. ஓடை வளைவின் உட்பக்கத்தில் கூழாங்கல் திட்டு ஒதுங்கியிருக்கும், அங்கே முதலில் பார்க்க வேண்டும். வெயில் சாய்ந்திருக்கும்போது சூரியனைப் பார்த்தபடி நடந்தால் விளிம்புகள் மின்னும். ஏரியாக இருந்தால் வறட்சிக் காலம். தண்ணீர் இறங்கி, அலை மண்ணை அரித்துவிட்டுப் போன கரைமேடுகளில் கல் மட்டும் மிஞ்சி நிற்கும். இதையெல்லாம் நீ என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாய். "அம்மா, யூ வாக் டூ ஃபாஸ்ட்" என்று என் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பாய். பாட்லக் விருந்தில் ஒரு ஆன்ட்டி, "வாரா வாரம் சேத்துல எறங்கி என்னத்தத் தேடறீங்க, டைமண்டா?" என்று கேட்டபோது, "நோ ஆன்ட்டி, பழைய கத்தி" என்றாய். அதற்கப்புறம் அவர்கள் தங்கள் பையனை நம் வீட்டுக்கு அனுப்பவே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இடம் பார்ப்பதில் கடைசிப் பாடம் ஒன்று உண்டு. அந்த நிலம் யாருடையது என்று பார்ப்பது. தனியார் நிலமாக இருந்தால் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். அரசு நிலம், பூங்கா நிலம் என்றால் கல்லைக் குனிந்து பார்க்கலாம், தொட்டு எடுக்கக் கூடாது. இதை உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வடக்கே அந்தப் பண்ணைக்காரரிடம் போய் நின்றோமே, நினைவிருக்கிறதா? நான் எலுமிச்சை சாதம் ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இது எனக்கா, இல்லை மீன் பிடிக்கவா என்று கேட்டார். பிறகு, கேட்டை மூடிவிட்டுப் போங்கள், பாம்பு கடித்தால் என் மேல் கேஸ் போடாதீர்கள் என்று சொல்லி அனுமதி கொடுத்தார். அவருடைய நிலம் ஓடையின் இந்தக் கரையோடு முடிகிறது. அந்தக் கரை ஏரிப் பூங்காவைச் சேர்ந்தது. ஐந்து வருடம் நாம் இந்தக் கரையிலேயே நடந்தோம்.

மாட்டிக்கொண்ட அன்றைக்கு நாம் தெரியாமல் எல்லை தாண்டிவிட்டதாகத்தான் நீதிமன்றத்துக்கு வந்த வக்கீல் சொன்னார். ஓடை வற்றியிருந்தது, வேலி கிடையாது, குடும்பத்தார் குழம்பிவிட்டார்கள் என்று. கண்ணு, நான் வரைபடம் படிப்பதற்கென்றே படித்தவள். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று என் உள்ளங்கை ரேகை மாதிரி எனக்குத் தெரியும். ஐந்து வருடமாக அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஓடை சேரும் இடத்துக்கு மேலே, தென்கிழக்கு பார்த்த மேடு. நான் வரைபடத்தில் பார்த்த எல்லா இடங்களிலும் அதுதான் சிறந்தது. அந்த வருடம் ஏரி அத்தனை இறங்கியதில் மேட்டின் அடிவாரம் முழுக்க வெளியே தெரிந்தது. உனக்குப் பதினேழு முடிந்து மூன்று வாரம். அடுத்த வருடம் நீ கல்லூரிக்குப் போய்விடுவாய், அப்புறம் எனக்கு எந்தச் சாக்கும் இருக்காது. அந்த நினைப்போடுதான் கால் நனையாமல் அந்தக் கரைக்குப் போனேன்.

பத்து நிமிடத்தில் கிடைத்தது. முழு முனை, ஒரு விரல் நீளம், தேன் நிறம், அடியில் இரண்டு காதுகளும் உடையாமல். நீ அதைப் பார்ப்பதற்குள் பூங்கா அதிகாரியின் வண்டி மேட்டுக்கு வந்துவிட்டது. அவர் இறங்கி வருவதைப் பார்த்ததும் என் மனதில் ஓடியது ஒரே ஒரு எண்ணம். என் பெயர் எந்தத் தாளிலும் ஏறக் கூடாது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் வீடுகளில் இது ஒரு வியாதி. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வந்தால் மன்னிப்புக் கேட்போம், கார் இடித்தால் போலீஸ் வேண்டாம் என்போம், உடம்பில் அடி பட்டால்கூட எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்போம். நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். நான் கல்லை உன் கையில் வைத்து உன் விரல்களை மூடினேன். "நீ எடுத்தேன்னு சொல்லு கண்ணு. சின்னப் பையன், ஒன்னும் பண்ண மாட்டாங்க" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கையில் என்ன என்றார், நீ விரித்துக் காட்டினாய். யார் எடுத்தது என்றார். நான்தான் என்றாய். நான் நடுவில் புகுந்து, இவன் குழந்தை, கல் என்றால் பைத்தியம் என்று சிரித்தேன், கண்ணு, நான் சிரித்தேன். வயது என்ன என்று உன்னைக் கேட்டார். பதினேழு என்றாய். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்காமல் நின்றார். மேடம், இந்த மாநிலத்தில் பதினேழு என்றால் சட்டத்துக்குக் குழந்தை இல்லை என்றார். எனக்கு அது தெரியாது. பதினெட்டு என்று நினைத்திருந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அபராத டிக்கெட்டில் உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அவர் கேட்டுக் கேட்டு எழுதினார், நம் பெயர் நீளம், அத்தனை நேரம் எனக்கு இருந்தது. நான் திறக்கவில்லை.

பிறகு வீட்டில் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீ எடுத்ததாகவே அப்பாவிடமும் சொன்னாய். "உனக்கு அறிவிருக்கா? நாங்க பதினஞ்சு வருஷமா பல்லைக் கடிச்சுட்டு இருக்கோம், நீ ஒரு கல்லுக்காகக் கோர்ட்டுக்குப் போறியா?" என்று கத்தினார். நீ சேர்த்து வைத்திருந்த பெட்டியை எங்கே என்று கேட்டார். பரணிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தது நான். முட்டை அட்டைக் குழிகளில் ஒவ்வொரு கல்லுக்கும் எங்கே, எந்தத் தேதி என்று நீ சின்னச் சின்னதாக எழுதி வைத்திருந்தாய். குப்பை வண்டி வரும் நாள் அது. அதற்கப்புறம் உன் அப்பா உனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார். மதிப்பெண் குறைந்தால், கார் சாவியை மறந்தால், "நம்ம கல்லுப் பொறுக்கி இருக்கானே" என்று ஆரம்பிப்பார். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார், அவர்களும் சிரிப்பார்கள். நீ தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். நான் உனக்கு இன்னொரு தோசை வைப்பேன். அதுதான் என் மன்னிப்பு, நாலு வருடமாக. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. எந்த ஓடைக்கும் போகவும் இல்லை.

நேற்றுக் காலை கடைக்குப் போகும்போது, டோல்வே நெடுஞ்சாலையில், அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார் என்று பயந்து காரில் சொன்னேன். இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

"அவன் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நான்தாங்க அவன் எடுத்ததா சொல்லச் சொன்னேன்."

"நாலு வருஷம் அவனை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். நீ பக்கத்துலயே நின்னுட்டு இருந்தே."

"ஆமாங்க."

பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். "இப்ப நீ எழுதிக் குடுத்தா நம்ம கிரீன் கார்டு கேஸ் என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார். யோசித்தேன் என்றேன். "எல்லாத்தையும் இழக்க வேண்டியிருக்கும்." இருக்கலாம் என்றேன். கடைக்குள் தனியாகப் போனார். அரைமணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார். "அவன்கிட்ட நான் எப்படிப் பேசறது?" என்று என்னைக் கேட்டார். அவர் உன்னைக் கூப்பிட்டால் எடு. எடுக்க மனமில்லை என்றால் எடுக்க வேண்டாம். அதில் நான் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

உனக்குக் கல்யாணம் ஆகும், வேலை கிடைக்கும், எந்த நாட்டிலோ இருப்பாய். அதற்கெல்லாம் அறிவுரை சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் பயத்தில் ஒன்றைக் கொண்டுவந்து உன் கையில் திணிப்பார்கள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொள் என்பார்கள். அது பெற்றவளாக இருந்தாலும் கையை விரித்துக் கீழே போட்டுவிடு. போடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொள்ளாதே. நீ அப்படி வைத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இன்று நடந்ததை வரிசையாக ஆங்கிலத்தில் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். எல்லைக்கோடு தெரிந்தே தாண்டினேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். முதலில் அந்தத் தாளை உனக்கு அனுப்பி, வேண்டுமானால் பயன்படுத்திக்கொள், இல்லையென்றால் கிழித்துவிடு என்று சொல்லத்தான் இருந்தேன். உறையில் உன் பெயரை எழுதும்போதுதான் உறைத்தது. அப்படிச் செய்தால் மறுபடியும் அதை உன் கையில் வைத்தது ஆகும். எங்களைக் காப்பதா, உன்னைக் காப்பதா என்று நீ உட்கார்ந்து யோசிப்பாய். முடிவு எனக்குத் தெரியும். அதனால் நேராக உன் வக்கீலுக்கே அனுப்பிவிட்டேன். அவர் போனில், நீதிமன்றத்தில் உங்கள் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான், இது அவனுக்கு உதவும் என்று உறுதி சொல்ல முடியாது, உங்களுக்குக் கெடுதல் என்று மட்டும் சொல்லலாம் என்றார். அனுப்பியது அனுப்பியதுதான் என்றேன். திரும்பக் கேட்கவும் மாட்டேன்.

எனவே யார் எடுத்தது என்பதை நீ மறைக்க வேண்டியதில்லை, அது அவர் மேசையில் இருக்கிறது. நீ எழுத வேண்டியது உன் பங்கு மட்டும். அதிகாரி வரும்வரை நீ எங்கே நின்றாய் என்று எழுது. உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். நீ ஓடையைத் தாண்டவே இல்லை. பண்ணைக்காரரின் கரையில், அனுமதி வாங்கிய நிலத்தில் நின்றுகொண்டு, "அது பார்க் சைடு, அம்மா. வந்துரு" என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். நான் தனியாக நிற்பதையும், ஒருவர் என்னை நோக்கி இறங்கி வருவதையும் பார்த்த பிறகுதான் ஓடையில் இறங்கி என்னிடம் ஓடி வந்தாய்.

அம்மா